வேட்டைப் பொருளும் வேலவன் மயிலும்

தக்கன் சிவபெருமானை இகழ்ந்துரைத்த வசைகளுள் ஆடையணி பற்றியவை பல. புலித்தோலை உடுப்பதும், யானைத்தோலைப் போர்ப்பதும், பாம்பையும் எலும்பையும் பன்றிக்கொம்பையும் பூண்பதும் ஒரு கடவுளுக்கு அடுக்குமா என்பது அவன் கொண்ட இறுமாப்பு. கச்சியப்பசிவாசாரியார் இவ்விடத்திலே ததீசி முனிவரைப் பேசவைக்கின்றார். கந்தபுராணத்துத் தக்ககாண்டத்தில் அமைந்துள்ள அவ்விடை, ஒருவகையில், அணிகலன்களின் வரலாறேயாகும். தாருகவனத்து முனிவர் ஏவிய புலி உடையாயிற்று, அவர் விடுத்த பாம்புகள் அணியாயின, மழு படைக்கலமாயிற்று. எதிர்த்து வந்த கயாசுரனுடைய தோல் போர்வையாயிற்று. தக்கன் உடையை மாத்திரம் பார்த்தான். ததீசியோ அது எவ்வாறு வந்தது என்று சொன்னார்.

இக்காலத்து இளைஞர் பெரிதும் விரும்பி ஆடும் கணினி விளையாட்டொன்றை ஆராயப் புகுவார்க்கு இப்படலம் நல்லதோர் அளவுகோலாக உதவும். அவ்விளையாட்டு, யப்பான் தேசத்து ஒசாக்கா நகரில் உள்ள காப்கொம் நிறுவனத்தார் ஆக்கிய ‘மொன்ஸ்ரர் ஹன்ரர்’ என்பதாகும். கொடுவிலங்கு வேட்டுவன் என்று அப்பெயரைத் தமிழாக்கலாம். கனமே புஜியோகாவின் இயக்கத்தில் 2004 ஆம் ஆண்டில் பிளேஸ்ரேசன் 2 என்னும் கருவிக்காக அது முதன்முதலில் வெளிவந்தது. கையடக்கக் கருவிகளுக்கு வந்த பதிப்புகள் யப்பானிய மாணவரைக் கூட்டங் கூட்டமாகத் தம்பால் ஈர்த்தன. 2018 இல் வெளிவந்த ‘வேர்ல்ட்’ என்னும் பதிப்பு உலகமெங்கும் இரண்டு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. 2025 பெப்ரவரி 28 இல் வந்த ‘வைல்ட்ஸ்’ மூன்றே நாளில் எண்பது இலட்சம் பிரதிகளைக் கடந்தது. இவ்வளவு பேருடைய மாலைப்பொழுதை ஆட்கொண்ட ஒன்றை வெறும் பொழுதுபோக்கென்று தள்ளிவிடுதல் கற்றோர்க்கு அழகன்று. தள்ளிவிடுவோர் பெரும்பாலும் அதனை ஒருமுறையேனும் பார்த்தவரல்லர் என்பதும் உண்மை.

அதன் கதையமைப்பு மிக எளியது. மனிதர் வாழும் சிறு குடியிருப்பைச் சூழக் காடும் பாலையும் பனிமலையும் உள்ளன. அங்கே பறவையும் பல்லியும் யாளியும் ஒன்று கலந்தாற்போன்ற பெருவிலங்குகள் திரிகின்றன. வேட்டுவர் சங்கம் ஒன்று யாரை எங்கே எப்பொழுது வேட்டையாட அனுப்பலாம் என்று வரையறை செய்கின்றது. வேட்டுவன் தனியாகவோ நால்வர் வரை கூடியோ செல்கின்றான். வென்றபின் இறந்த விலங்கின் உடலைக் கத்தியால் அறுத்துச் செதிலும் எலும்பும் நகமும் எடுத்துக்கொண்டு கொல்லனிடம் திரும்புகின்றான். கொல்லன் அவற்றைக்கொண்டு வாளும் வில்லும் கவசமும் சமைத்துக் கொடுக்கின்றான். அவற்றை அணிந்து வேட்டுவன் இன்னும் பெரியதொரு விலங்கைத் தேடிச் செல்கின்றான். அவ்வளவே.

இவ்வெளிய அமைப்பிலே ஒரு நேர்மை உண்டு. இவ்வகை விளையாட்டுகள் பலவற்றில் ஆடுவோன் ஒவ்வொரு போருக்குப் பின்னும் தானே படிப்படியாக வலிமை பெறுவான். அவன் உடலும் உயிராற்றலும் எண்களாகப் பெருகிக்கொண்டே போகும். இங்கே அவ்வாறில்லை. நூறு வேட்டை முடிந்தபின்னும் வேட்டுவன் முதல்நாள் இருந்த அதே மனிதனே. பெருகியவை இரண்டு: ஆடுவோனுடைய கைப்பழக்கம் ஒன்று, வேட்டுவன் மேனியில் உள்ள தோலும் எலும்பும் மற்றொன்று. அவன் வலிமை முழுவதும் பிறிதோர் உயிரிடமிருந்து பெற்றது. அதனை அவன் மறைப்பதுமில்லை. ரத்தலோஸ் என்னும் செந்நிறப் பறவைநாகத்தை வென்றவன் அதன் செதிலாற் செய்த கவசத்தைப் பூணும்போது, நெருப்பைத் தாங்கும் ஆற்றல் அவனுக்கு வருகின்றது. அதன் உறுப்புகளால் ஆன வாள் தீயை உமிழ்கின்றது. கவசத்துக்கும் அவ்விலங்கின் பெயரே வழங்குகின்றது. அவனைக் காண்பவர் எதனோடு பொருதான் என்பதை அவன் உடையிலேயே படித்துக்கொள்ளலாம். ததீசி முனிவர் உரைத்த நெறியும் இதுவே.

போர் நிகழும் முறையும் பாராட்டுக்குரியது. விலங்கின் உயிர் இன்னும் எவ்வளவு எஞ்சியுள்ளது என்று காட்டும் அளவுக்கோடு திரையில் இல்லை. அதனை ஆடுவோனே உய்த்துணர்தல் வேண்டும். களைத்த விலங்கின் வாயில் எச்சில் ஒழுகும். சாகும் நிலை எய்தியது காலை நொண்டிக்கொண்டு தன் உறைவிடத்தை நாடிச் சென்று உறங்கும். ரத்தலோஸ் மூச்சை உள்ளிழுத்தால் அடுத்து நெருப்பு வரும்; கால்களை முன்னே நீட்டிப் பாய்ந்தால் நகத்தில் நஞ்சுண்டு. இவற்றையெல்லாம் கண்ணாற் கண்டு கற்றவனே வெல்வான். வாளை ஓங்கியபின் அதனை நிறுத்த முடியாது. தவறான நேரத்தில் ஓங்கியவன் அடிபட்டே தீருவான். பதினான்கு வகைப் படைக்கலங்களுள் எதனை எடுத்தாலும் இவ்விதி மாறுவதில்லை. பகைவனை உற்றுநோக்குதல் ஒருவகை மதிப்பு. அம்மதிப்பை இவ்விளையாட்டு ஆடுவோனிடம் வற்புறுத்திப் பெற்றுக்கொள்கின்றது. பிள்ளைகள் இதனால் கொடுமை பழகுகின்றனர் என்று அஞ்சும் பெற்றார், ஒரு வேட்டையை அருகிருந்து பார்த்தால், பிள்ளை அடிப்பதிலும் பார்க்கக் காத்திருப்பதே மிகுதி என்பதைக் காண்பர்.

வென்ற உயிரின் உறுப்பு வென்றவனுடைய வலிமையாகும் என்னும் எண்ணம் தமிழர்க்குப் புதியதன்று. மறக்குடிச் சிறுவர் புலிப்பல் கோத்த தாலி அணிந்தமையைச் சங்கச் செய்யுள் கூறும். புறநானூற்று 288 ஆம் பாட்டிலே வருகின்ற முரசு இன்னும் நுட்பமானது. இரண்டு ஏறுகளைப் பொரவிட்டு, வென்ற ஏற்றின் தோலை மயிர் சீவாமலே அம்முரசுக்குப் போர்த்தினர். தோற்றதன் தோலை விடுத்து வென்றதன் தோலையே தேர்ந்தமை கருதத்தக்கது. வெற்றி அத்தோலிலே தங்கியிருக்கின்றது, முரசு அதிரும்போது அதுவும் அதிரும் என்பது அவர் துணிபு போலும். மொன்ஸ்ரர் ஹன்ரரில் ஊதுகொம்பு என்று ஒரு படைக்கலம் உண்டு. விலங்கின் எலும்பாலும் ஓட்டாலும் ஆகிய அதனை வேட்டுவன் ஊத, உடன் நிற்போர்க்கு வலிமை மிகும். அதனை ஆக்கிய யப்பானியர் புறநானூறு படித்திரார். ஆயினும் மயிர் சீவாத அம்முரசைக் கண்டால் அவர் வியப்படையார்.

பதிற்றுப்பத்தின் பதினோராம் பாட்டு இப்பொருளுக்கு மிக நெருங்கியது. குமட்டூர்க் கண்ணனார் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதனைப் பாடுமிடத்து, பகைவர் போற்றிக் காத்த கடம்பமரத்தை அவன் வெட்டி வெற்றிமுரசு செய்த செய்தியைக் கூறுகின்றார். அவனுக்கு உவமையாகச் சூரனுடைய மாமரத்தைத் தடிந்து யானைமீது ஏறிவரும் முருகனைக் காட்டுகின்றார். ஒருபுறம் கடம்பு, மறுபுறம் மா. பகைவனுடைய உயிர்நிலை ஒரு மரத்தில் இருக்கின்றது; மரம் வீழ்ந்ததும் பகை வீழ்கின்றது. கடம்பு முரசாயிற்று. மா என்னவாயிற்று? அப்பாட்டிலே விடை இல்லை. முருகன் ஊர்ந்துவருவது யானையையே. சூரனே மயிலானான் என்னும் செய்தி அங்கு இல்லை. பகைவனிடம் கொள்வது ஓர் உறுப்பு, அதனாற் செய்வது ஒரு கருவி என்பது அக்கால மறநெறி. இப்பொழுது திரையில் ஆடப்படுவதும் அந்நெறியே.

கச்சியப்பர் இந்நெறியில் நில்லாது அப்பாற் சென்றார். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்தின் வாழ்க்கைமுறையைக் கந்தபுராண கலாசாரம் என்று வழங்கினார். ஆறு காண்டங்களும் பதினாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுள்களும் கொண்ட அந்நூலை வாசித்துப் பயன்சொல்லக் கேட்டு வளர்ந்த இந்நாட்டினர்க்குச் சூரபன்மனுடைய முடிவு நன்கு தெரிந்ததே. தெரிந்தது என்பதனாலேயே அதன் புதுமை கண்ணிற் படுவதில்லை. யுத்தகாண்டத்தின் இறுதிப் போரை ஒரு வேட்டையாகக் கொண்டு மீண்டும் நோக்கினால் அப்புதுமை விளங்கும்.

சூரன் சக்கரவாகப் புள்ளாய் விண்ணில் எழுகின்றான். அதனை எதிர்க்க இந்திரன் மயிலாகி முருகனைத் தாங்குகின்றான். புள் வீழ்ந்ததும் சூரன் வேறு வேறு வடிவங்களை எடுக்கின்றான்; ஒவ்வொன்றும் கணைகளால் அழிகின்றது. இவ்விடத்தில் முருகன் தன் பேருருவத்தைக் காட்ட, சூரனுடைய உள்ளம் ஒருகணம் இளகுகின்றது. பகைவனாய் வந்தவன் கண்குளிர நின்று வியக்கின்றான். பேருருவம் மறைந்ததும் அவ்வுணர்வும் மறைய, இருளாகிச் சூழ்கின்றான்; பின்னர் கடலின் நடுவே மாமரமாய் நிற்கின்றான். வேல் அம்மரத்தைப் பிளக்கின்றது. அவன் அப்பொழுதும் அடங்காது எழ, வேல் அவனை இரு கூறாக்குகின்றது. கூறுகள் சேவலும் மயிலுமாகிச் சினத்தோடு மீண்டும் பாய்ந்து வருகின்றன. முருகன் அவற்றை அருளோடு நோக்குகின்றான். அந்நோக்கினால் சினம் ஒழிந்து சேவல் கொடியாகின்றது, மயில் ஊர்தியாகின்றது. இந்திரன் தான் தாங்கிய மயில் வடிவத்தினின்று விடுபடுகின்றான்.

இங்கே கொல்லனும் இல்லை, பட்டறையும் இல்லை. சூரனுடைய தோலோ எலும்போ எடுக்கப்படவில்லை. அவன் முழுதாகவே மாறுகின்றான், மாறியும் உயிரோடிருக்கின்றான். புலி உடையாகியபோது புலி இறந்தது. கயாசுரன் போர்வையாகியபோது கயாசுரன் இறந்தான். சூரனோ கொடியில் இருந்து கூவுகின்றான். முருகனைச் சுமந்து ஆடுகின்றான். ததீசி சொன்ன வரலாறுகளும் இதுவும் ஒரே நூலில் இருந்தும், இரண்டுக்கும் இடையே நெடுந்தூரம் உண்டு. நண்பனாகிய இந்திரன் மயிலாய் நின்ற இடத்திலே, அவனை விலக்கிப் பகைவனை நிறுத்தியது கச்சியப்பருடைய புலமையின் உச்சம் எனலாம். நட்பினன் சுமப்பதில் வியப்பில்லை என்று புலவர் கருதினார் போலும்.

இவ்வளவுகோலால் அளக்கும்போதே மொன்ஸ்ரர் ஹன்ரரின் குறை வெளிப்படுகின்றது. அதனைக் குறைகூறுவோர் பலரும் சுட்டும் இரத்தமோ இரைச்சலோ அக்குறையன்று, மீட்சியே அக்குறை. முதல்முறை ரத்தலோஸை எதிர்ப்பவன் அஞ்சுகின்றான், தோற்கின்றான், கற்கின்றான், ஈற்றில் வெல்கின்றான். அவ்வெற்றி அவன் வாழ்நாளில் மறவாத ஒன்றாகவும் இருக்கலாம். ஆயின் இறந்த உடலைப் பெரும்பாலும் மூன்று முறையே அறுக்க இயலும். எது கிடைக்கும் என்பது குருட்டு வாய்ப்பைப் பொறுத்தது. கவசம் முழுமை பெற வேண்டிய அரிய தகடு ஒன்று வாய்ப்பது மிக அருமை. ஆகையால் அவன் மறுநாள் மீண்டும் செல்கின்றான். அதே காட்டில், அதே பெயரோடு, அதே இறகோடு மற்றொரு ரத்தலோஸ் நிற்கின்றது. பத்தாம் முறையில் அச்சம் இல்லை. இருபதாம் முறையில் வியப்பும் இல்லை. விலங்கு பகைவன் என்னும் நிலையினின்று இறங்கிச் சரக்காகிவிடுகின்றது. வால் வேண்டுமாயின் வெட்டும் படை, தலை உடையவேண்டுமாயின் நொறுக்கும் படை என்று கணக்குப் பார்த்துப் போகின்றனர். வேண்டாத பொருளே கைக்கு வரும், வேண்டியது வாராது என்பதை யப்பானிய ஆட்டக்காரர் நகையாடி, ஆடுவோனுடைய ஆசையை அறிந்து மறுக்கும் கருவி ஒன்று உள்ளே ஒளிந்திருப்பதாகக் கூறுவர். நகைச்சுவையாயினும் அது நோயைச் சரியாகவே சுட்டுகின்றது. ஈற்றில் அணியும் கவசத்தில் எந்த ரத்தலோஸின் செதில் உள்ளது என்று அவனாற் சொல்ல முடியாது. இருபது விலங்குகளின் கலவை அது. ததீசியைப் போல வரலாறு கூற அதற்கு யாரும் இல்லை. கூறவேண்டிய வரலாறும் கணக்கேடாகிவிட்டது.

இதற்கு ஒரு தடை எழும். சூரனும் ஆண்டுதோறும் கொல்லப்படுகின்றானே என்பது அது. ஐப்பசி மாதத்துக் கந்தசட்டியின் ஆறாம் நாள் நல்லூரிலும் மாவிட்டபுரத்திலும் இன்னும் குடாநாட்டின் எத்தனையோ கோயில்களிலும் சூரன்போர் நடைபெறுகின்றது. மரத்தாற் செய்து வண்ணம் தீட்டிய சூரனை இளைஞர் தோளில் தாங்கி வீதியில் ஓடுகின்றனர், குலுக்குகின்றனர், முன்னே பாய்ந்து பின்னே வாங்குகின்றனர். யானைத்தலை போய்ச் சிங்கத்தலை வருகின்றது. தலைகள் மாறி மாறி வீழ்கின்றன. மாங்கொம்பு ஒன்று அசைகின்றது. பின் சேவலும் மயிலும் தோன்றுகின்றன. போர் முடிந்ததும் சூரன் கோயிலுக்குள்ளே வைக்கப்பட்டு அடுத்த ஐப்பசிக்குக் காத்திருக்கின்றான். இதுவும் மீட்சிதானே என்று ஒரு மாணவன் கேட்பானாயின் அக்கேள்வி நியாயமானதே. அதனை அதட்டி அடக்குதல் ஆசிரியர்க்குத் தகாது.

மீட்சி இரு வகைப்படும் என்பதே விடை. சூரன்போரில் மீள்வது நிகழ்ச்சி. நூறாண்டு நடப்பினும் சூரன் ஒருவனே, போர் ஒன்றே. சென்ற ஆண்டு கிடையாத பொருளை இவ்வாண்டு பெறுதற்கென்று யாரும் சூரனைத் தூக்குவதில்லை. விளையாட்டில் மீள்வது தேவை. நிகழ்ச்சி ஒவ்வொன்றும் வேறு, விலங்கு ஒவ்வொன்றும் வேறு, ஆனால் எவற்றையும் வேறு பிரித்தறிய வழியில்லை. இன்னொன்றும் உண்டு. சூரனைச் சுமந்து ஆட்டும் இளைஞர் வெல்பவன் பக்கத்தினரல்லர். தோற்பவனுடைய பாரம் அவர் தோளில் அழுந்துகின்றது. அவன் துள்ளலும் சினமும் தளர்ச்சியும் அவர் கால்களிலேயே நிகழ்கின்றன. வீதியில் நின்று பார்ப்போர் கண்ணும் முருகனிலும் பார்க்கச் சூரன்மேலேயே நெடுநேரம் நிற்கின்றது. விளையாட்டிலோ இருபது ஆண்டுகளாக வேட்டுவன் பக்கம் ஒன்றே ஆடுவோர்க்கு உரியது. எச்சில் ஒழுக நொண்டிச் செல்லும் விலங்கின் பின்னே வாளோடு செல்லும்போது சிலர் தயங்குகின்றனர் என்பதை ஆடுவோர் ஒப்புக்கொள்வர். அத்தயக்கத்தை எழுப்பும் திறம் அவ்விளையாட்டுக்கு உண்டு. எழுப்பியதை வைத்து என்ன செய்வதென்று அதற்குத் தெரியவில்லை.

உயிரோடு பிடிக்கும் வழியும் அதில் உண்டு. நலிந்த விலங்கைப் பொறியில் வீழ்த்தி மயக்கமருந்து வீசினால் அது உறங்கிவிடும். ஆயினும் அதன்பின் கிடைப்பவை முன்போலவே செதிலும் நகமும்தான். பிடித்த விலங்கு என்னவாயிற்று என்று ஆடுவோன் வினவுவதில்லை. கதையும் அதனைப் பெரும்பாலும் தொடர்வதில்லை. ஆனையிறவு என்று ஓரிடத்துக்குப் பெயரிட்டு, வன்னிக் காட்டிலிருந்து பிடித்த யானைகளைக் கடனீரேரி கடத்திப் பிறநாட்டுக்கு விற்ற வரலாறுடைய நாட்டினர்க்கு இவ்வகை மறதி முற்றும் புதியதன்று.

கொள்வதும் கொடுப்பதும் பற்றி இங்கே ஒன்று குறித்தல் தகும். தக்கனுக்கு விடையிறுத்த ததீசியே, பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்து முதற் படலத்திலே, இந்திரனுக்கு வச்சிரப்படை செய்வதற்குத் தமது முதுகெலும்பைத் தாமே மனமுவந்து ஈந்து உயிர் துறக்கின்றார். எலும்பாலாகிய படைக்கலமே அதுவும். எனினும் வேட்டையில் வந்ததன்று. மொன்ஸ்ரர் ஹன்ரரின் பட்டறையில் நூற்றுக்கணக்கான எலும்புப் படைகள் உள; அவற்றுள் இவ்வாறு ஈந்த எலும்பு யாதும் இல்லை.

ஆக்கியோர் இக்குறையை அறியாதவரல்லர் என்பதற்குச் சான்று அவர் பிற்காலப் படைப்புகளிலேயே உண்டு. 2016 இல் யப்பானில் வெளியிட்ட ‘ஸ்ரோரீஸ்’ என்னும் கிளைப்படைப்பிலே அவர் வேட்டுவனை விடுத்து ஊர்வோனைத் தலைவனாக்கினர். அவன் கூட்டிலிருந்து முட்டையை எடுத்து வந்து பொரிக்கச் செய்து, பிறந்த குஞ்சை வளர்த்து அதன்மேல் ஏறிச் செல்கின்றான். ரத்தலோஸும் அவ்வாறு அவனுக்கு ஊர்தியாகின்றது. இனிய கதைதான். சிறுவர்க்கு மிகவும் ஏற்றது. ஆயின் அந்த ரத்தலோஸ் அவனை ஒருகாலும் பகைத்ததில்லை. கண்விழித்தபோதே அவன் முகத்தைக் கண்டு வளர்ந்தது. அது இந்திரன் மயிலானது போன்றதேயன்றிச் சூரன் மயிலானது போன்றதன்று.

2021 இல் வந்த ‘றைஸ்’ என்னும் பதிப்பிலே இன்னும் ஓரடி நெருங்கினர். போர் நடுவே, எதிர்த்து நிற்கும் விலங்கின்மேலேயே பட்டிழை போன்ற நூலை வீசிக் கட்டி, வேட்டுவன் அதன் முதுகில் ஏறிச் சிறிது நேரம் செலுத்துகின்றான். சினந்த பகைவனே ஊர்தியாகும் காட்சி அது. முதன்முறை காண்பவர்க்கு மெய்சிலிர்க்கும். வேட்டுவன் அவ்விலங்கைக் கொண்டு மற்றொரு விலங்கை அடிப்பிக்கின்றான்; அல்லது பாறைமீது மோதுவித்து வீழ்த்துகின்றான். அதன்பின் நூல் அறுகின்றது. விலங்கு எழுந்து முன்போலச் சினந்து திரும்புகின்றது. வேட்டுவனும் முன்போலவே வாளை உருவிக்கொண்டு அதன் வாலை நோக்கி ஓடுகின்றான்.